ஏற்பதில்லை என்ற கட்டம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. எல்லோருக்கும் அவள் கட்டம் அக்கா. பொதுக் காப்பீட்டில் ஆட்களைச் சேர்க்கும் கவுண்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து, “கட்டத்துக்குள்ள எழுதுங்க, கட்டத்தைத் தாண்டாதீங்க” என்று கத்தியதில் வந்த பட்டம் அது. கோபம் மூக்குமேல் இருக்கும். ஆனால் அவள் கையால் போன படிவம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கர்வமும் உண்டு, ஏன் இருக்கக் கூடாது?

காப்பீட்டில் சேருகிறவர் பட்டியலைப் பார்த்துத் தனக்கென்று ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கவுண்டரில் இருப்பவர் சொல்லக் கூடாது, அது விதி. “அக்கா, யாரு நல்ல டாக்டர்?” என்று யாராவது குழைந்தால், “எனக்கு எல்லாரும் ஒண்ணுதான், பட்டியலைப் பாருங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வருடத் தொடக்கத்தில் அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் அவள் வேலைதான். பதினான்கு டாக்டர்கள். படிப்பு, அறை எண், பார்க்கும் நாள், நேரம், கடைசியாகப் புதிய நோயாளிகளை ஏற்கிறாரா இல்லையா என்று ஒரு கட்டம்.

வீட்டில் அவள் கணவர் கிண்டல் செய்வார். “ஊருக்கெல்லாம் டாக்டர் புடிச்சுக் குடுக்குற, உனக்கு ஒருத்தர் கிடைக்கலையா?” உண்மைதான், அவளுடைய படிவத்தில் மட்டும் டாக்டர் பெயர் இல்லை. காலையில் தலை வலிக்கும், நெற்றியில் தைலத்தைத் தடவிக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவாள்.

ஆறாம் அறையில் பொது மருத்துவர் ஒருவர் இருந்தார். வயது அறுபத்தொன்று. ஒரு நோயாளியை இருபது நிமிடம் பார்ப்பார், கேள்வி கேட்டே ஆளை அசர வைப்பார். வாசல் பெஞ்சில் எப்போதும் கூட்டம் இருக்கும், முணுமுணுப்பும் இருக்கும். இந்த வருடம் அந்தக் கூட்டம் கரைந்தது. பழைய நோயாளிகள் சிலர் இடம் மாறினார்கள், சிலர் காலமானார்கள். புதிதாக ஒருவரும் வரவில்லை. நான்கு மாதமாக மனிதர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை தேநீர்க் கோப்பையோடு அவள் கவுண்டருக்கு வந்தார். “நேத்து விலகல் கடிதம் குடுத்துட்டேம்மா. ஜனங்களுக்கு நான் சலிச்சுப்போயிட்டேன் போல.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க டாக்டர்” என்றாள். அவர் போய்விட்டார்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. மாமியாரைச் சேர்க்க வந்த ஒரு பெண் பட்டியலை நீட்டினாள். “அத்தைக்கு ஆறாம் ரூம் டாக்டர்தான் வேணுமாம். ஆனா புது ஆளுங்கள ஏற்பதில்லைன்னு போட்டிருக்கே?”

“கண்ணைத் தொறந்து பாரும்மா” என்று எரிந்து விழுந்துவிட்டு, அவளே வாங்கிப் பார்த்தாள்.

ஏற்பதில்லை என்றுதான் இருந்தது.

எப்படி நடந்தது என்று உடனே புரிந்துவிட்டது. தோல் மருத்துவர் வெளியூர் மாறிப் போகவிருந்ததால் அவருக்கு ‘ஏற்பதில்லை’. அடுத்த வரி ஆறாம் அறை டாக்டருடையது. நேரம் மிச்சமாகட்டும் என்று மேல் வரியை அப்படியே நகலெடுத்து ஒவ்வொரு கட்டமாக மாற்றிக்கொண்டு வந்தவள், கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டாள். பட்டியல் மனப்பாடம் என்ற திமிரில் திரும்பவும் பார்க்கவில்லை.

காதும் காதும் வைத்த மாதிரி மாற்றிவிடலாம், இரண்டு தட்டு தட்டினால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? கை விசைப்பலகைவரை போய்விட்டது. ஆனால் அந்த மனிதர், ஜனங்கள் தன்னை வெறுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே அல்லவா வீட்டுக்குப் போவார்? வரிசையில் பதினோரு பேர் நிற்க, இதுவரை எடுத்தே அறியாத ‘பத்து நிமிடத்தில் வருகிறேன்’ பலகையை வைத்துவிட்டு எழுந்தாள்.

பட்டியலை அவர் மேஜையில் வைத்தாள். “இந்தக் கட்டத்தைப் பாருங்க டாக்டர். நான் போட்டதுதான். நாலு மாசமா உங்க வாசலை நான்தான் அடைச்சு வச்சிருக்கேன்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகம் சிவந்தது. “நாலு மாசம்மா! யாரை என்ன சொல்லிட்டோம்னு ஒவ்வொருத்தரா யோசிச்சுட்டிருந்தேன். என் வாய் நாறுதான்னு பொண்டாட்டிகிட்ட கேட்டேன், தெரியுமா?”

அவள் அழுதுவிட்டாள். அவர் உட்காரச் சொல்லவில்லை.

கடிதத்தைத் திரும்பக் கேட்க இருவரும் தலைமை மருத்துவரிடம் போனார்கள். ஆறாம் அறையை ஏற்கெனவே இன்னொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார் அவர். கெஞ்சிக் கேட்டதில் வாரம் மூன்று காலை கிடைத்தது, அதுவும் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில். அவளுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் எச்சரிக்கை, வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் டாக்டர் அவள் பக்கமே திரும்பவில்லை. திங்கட்கிழமை கவுண்டருக்குள்ளேயே வந்து அவள் பின்னால் நின்றார். “ம், போடு. படிச்சுக்கிட்டே போடு.”

அறை, நாள், நேரம் என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். “புதிய நோயாளிகள்: ஏற்கிறார்.”

“திருப்பிக் காட்டு.” காட்டினாள். “சரி, முதல் பேரா உன் பேரைப் போடு.”

“எனக்கு என்ன டாக்டர்?”

“தினமும் தைலம் தடவிக்கிட்டு உட்கார்ந்திருக்க. நாலு மாசமா எனக்கு வேற வேலை என்ன இருந்துச்சு? உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன்.”

புதன்கிழமை படிக்குக் கீழ் அறையில் அவள் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தவர், மறுபடி சுற்றினார். மூன்றாம் தடவையும் பார்த்தார். “இவ்வளவு ரத்தக் கொதிப்பை வச்சுக்கிட்டா இங்க உட்கார்ந்து எல்லாரையும் விரட்டிட்டிருந்த? உனக்கு அறிவிருக்கா?” என்று கத்தினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். தூக்கம் எப்படி, அப்பாவுக்கு என்ன இருந்தது, படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று ஒன்றையும் விடவில்லை.

இருபது நிமிடம் தாண்டிவிட்டது. வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள், அந்த மாமியாரும் அவர்களில் ஒருவர். “உள்ள போனவ குடித்தனமே பண்றா போலிருக்கே” என்று அந்த அம்மாள் சத்தமாகவே சொன்னது கதவைத் தாண்டிக் கேட்டது.

அவள் பதறி எழப் போனாள். டாக்டர் கையமர்த்தினார்.

“இரும்மா” என்றார். “இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டும்.”