நான் மட்டும் சொல்லாத பெயர்

என் மூத்த மகனின் பெயர் நான்கு எழுத்து. அதை இங்கே எழுதப் போவதில்லை. அது என் மாமனாரின் பெயரும்கூட. காகிதத்தில் எழுதக் கை இன்னும் கூசுகிறது.

நான் நினைத்து வைத்திருந்தது வேறு பெயர். வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே தேர்ந்தெடுத்தேன். இரண்டே எழுத்து. புதுச்சேரியில் எந்தத் தெருவில் யார் வாயில் விழுந்தாலும் சேதாரமில்லாமல் வெளியே வரும். எங்கள் ஊரில் இதைப் பார்த்துத்தான் பெயர் வைக்கவேண்டும். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் ஆட்களின் நாக்கு அப்படியேதான் இருந்தது. ஒரே பெயரை மார்க்கெட்டில் ஒரு மாதிரியும் அலுவலகத்தில் மூக்கால் இன்னொரு மாதிரியும் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடிக்கவில்லை.

"மொதப் பையன்னா அப்பா பேருதான். இதுல பேச என்னா இருக்குது?"

"அந்தப் பேர நான் எப்படிங்க கூப்புடுவேன்?"

அப்போதுதான் தாளை மடித்தார். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா தாலி ஏறுவதற்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள். பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் போகும் என்பது அதுவரை என் வீட்டுக்காரருக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீ வேற எதுனா வெச்சிக் கூப்புட்டுக்கோ" என்றார். பிரச்சினை தீர்ந்ததென்று தாளை மறுபடி விரித்தார்.

பதினாறாம் நாள் பெயர் வைக்கும்போது பேசிப் பார்க்கலாம் என்றிருந்தேன். ஆனால் மேரி அதுவரை காத்திருக்காது. மேரி என்று நாங்கள் சொல்வது நகரசபைக் கட்டடத்தை. பிள்ளை பிறந்த சில நாட்களுக்குள் இரண்டு சாட்சிகளோடு போய், பெயரைச் சொல்லிப் பதிவு செய்யவேண்டும். நான் பத்தியச் சாப்பாட்டோடு படுத்துக் கிடந்தபோது, இவர் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். அங்கிருந்த எழுத்தர் கடைசி எழுத்தைத் தூக்கி நிறுத்திப் பிரெஞ்சில் வாசித்தாராம். இவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஒரு வாரம் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பதினாறாம் நாள் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் குழந்தையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொன்னார்கள். என் முறை வந்தது. குனிந்து, மூன்று தரம் வெறும் மூச்சை விட்டேன். குழந்தை முகத்தைச் சுளித்தது. பக்கத்திலிருந்தவர்கள், அம்மா சொன்னது காதில் விழுந்துவிட்டது என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதன்பிறகு ஊரே அந்தப் பெயரை எடுத்துப் புழங்கியது. பால்காரம்மா கடைசி எழுத்தை விழுங்கிவிடுவாள். அடுத்த வீட்டு டீச்சரம்மா கிறிஸ்தவர், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்; மூக்காலேயே முழுப் பெயரையும் சொல்லி முடிப்பார். என் வீட்டுக்காரர் ஆளைப் பார்த்து மாற்றிக்கொள்வார். பையன் எல்லாவற்றுக்கும் திரும்பினான். மாமனார் தன் பெயரைத் தானே கூப்பிடக் கூச்சப்பட்டு, "ஐயா" என்பார். நான் "தம்பி" என்பேன். எப்படிச் சொன்னாலும் தப்பில்லாத பெயர் வேண்டும் என்றிருந்தவள் நான். கடைசியில் தப்பாகச் சொல்லக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பையனுக்கு நாலு வயதிருக்கும்போது மாசி மகம் வந்தது. சாமிகளெல்லாம் கடலுக்கு வரும் நாள். இவருக்கு வேலை இருந்தது. மாமனாரும் நானும் பையனைக் கூட்டிக்கொண்டு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனோம். மாமனார் முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். முந்தானை நழுவியதென்று பையனின் கையை விட்டேன். சரிசெய்துவிட்டுப் பார்த்தால் ஆளில்லை.

"தம்பி" என்று கத்தினேன். ஏழெட்டுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. என் பிள்ளை அதில் இல்லை. மறுபடி கத்தினேன். இன்னும் நாலு பிள்ளைகள் திரும்பின. அந்தக் கடற்கரையில் பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான் பெயர். எதிரே கடல் இருந்தது. மாமனாராவது, ஆயுசாவது. நான்கு எழுத்தையும் சேர்த்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

முன்னால் போய்க்கொண்டிருந்த மாமனார் திரும்பி, "என்னாம்மா?" என்றார்.

எனக்கு உயிரே போயிற்று. வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் என் வெறுங்கையைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"வாய மூடாத. கூப்புடு."

நான் கூப்பிட்டேன். அவரும் கூப்பிட்டார். அறுபது வயது மனிதர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் பெயரைத் தானே கத்திக்கொண்டு மணலில் ஓடினார். தெரிந்தவர்கள் சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கரும்பு வண்டிக்கு அடியில் பையன் உட்கார்ந்திருந்தான். கையில் யாரோ கொடுத்த கரும்புத் துண்டு. வாரி எடுத்து, முதுகில் ஒன்று வைத்தேன்.

"கூப்புட்டது கேக்கல?"

"கேட்டுது."

"அப்பறம் ஏன்டா வரல?"

"எங்கம்மா என்ன அப்படிக் கூப்புடாது. அது வேற யாரோ."

அடித்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது பையன் மாமனாரின் தோளில் இருந்தான். ஒரு தெரு தாண்டியதும் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"மன்னிச்சிடுங்க மாமா. வாய் தவறிப் போச்சி."

"தவறல. சரியாத்தான் சொன்ன." கொஞ்ச தூரம் நடந்தார். "எங்கம்மா போனதுக்கு அப்பறம் இந்தப் பேர அப்படி யாரும் கூப்புடல."

மறுநாள் காலையில் இட்லியை எடுத்து வைத்துவிட்டு, "தம்பி, சாப்புட வா" என்றேன். வாசலில் மாமனார் கனைத்தார். சாதாரணக் கனைப்பு என்று விட்டுவிட்டேன். மறுபடி கனைத்தார். நான் அடுப்பைப் பார்த்தபடி, மெதுவாக, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள்.