ஓரத்தில் நின்ற நர்ஸ்

டிவி மெக்கானிக்குக்குத் தெருவில் வைத்த பெயர் முழுத்திரை. ரிப்பேர் முடிந்ததும் மனுஷன் சும்மா கிளம்ப மாட்டார். ஒரு சினிமாவைப் போட்டுப் பார்ப்பார். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை தெரிந்தால் போச்சு, மூக்குக்கு மேல் கோபம் வரும். "காசு கொடுத்து டிவி வாங்கினது கறுப்பைப் பார்க்கவா?" என்று ரிமோட்டில் ஜூமை அழுத்துவார். படம் ஊதிப் பெருத்துத் திரையை அடைத்துக்கொள்ளும். அப்போது இரண்டு பக்கமும் என்ன வெட்டுப்படுகிறது என்று அவரும் பார்த்ததில்லை, வீட்டுக்காரர்களும் கேட்டதில்லை.

அவர் மனைவி நர்ஸ். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் படப்பிடிப்பு நடந்தபோது, கதாநாயகன் கட்டிலருகே அவளையே நிறுத்திவிட்டார்கள். ஒரு வசனம்கூடக் கொடுத்தார்கள். படம் தியேட்டரில் ஓடிய அந்த ஒரு வாரமும் அவளுக்கு டூட்டி. இப்போது ஓடிடியில் வீட்டு டிவிக்கே வந்துவிட்டது. மெக்கானிக் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார். அவள் தன் அக்காவை மட்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச் சொன்னாள். "நீயாவது, நடிக்கிறதாவது" என்று ஆறு மாதமாக நக்கலடித்த அக்கா. அந்த வாயை அடைக்கவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

காட்சி வந்தது. கட்டில், கதாநாயகன், சலைன் பாட்டில். பாட்டிலைப் பிடித்தபடி ஒரு முழங்கை. "பயப்படாதீங்க, சரியாயிடும்" என்றது முழங்கை.

"அடியே, முழங்கை பிரமாதமா நடிக்குதுடி!" அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மனைவி விருட்டென்று உள்ளே போய்விட்டாள். அழுகைச் சத்தம் கேட்டது.

"கேமராக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று எகிறிய மெக்கானிக், கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். அடப்பாவி! அவசர அவசரமாகப் படத்தைப் பின்னால் ஓட்டி, ஜூமை எடுத்தார். கறுப்புப் பட்டைகள் வந்தன. வலது ஓரத்தில் முழுசாக நின்றாள் அவள், முகத்தில் அப்படியொரு கனிவு.

"ஏய், இங்க வா! வந்து உன்னைப் பாரு!"

வந்து பார்த்தாள். அக்கா கப்சிப். மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப என்னை வெட்டினது நீங்கதானா?" என்றாள். அதற்குள் எதிர்வீட்டுத் தையல்காரர் போன் அடித்தார். "அண்ணே, படம் பார்த்தோம். அண்ணியோட கை மட்டுந்தானே வருது?"

மறுநாள் காலையிலிருந்து, ஜூம் போட்டுக் கொடுத்த வீடெல்லாம் ஏறி இறங்கினார். கடைசியாகத் தையல்காரர் வீடு.

"என்னண்ணே, திரும்பவும் கறுப்பு வந்துடுச்சே?"

"இருக்கட்டும்ப்பா. அது இருந்தாத்தான் என் பொண்டாட்டி தெரியுறா."