டைனமோ மாற்றிய சனிக்கிழமை

காலை ஒன்பதரைக்குக் காரின் பானெட்டைத் திறந்து, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, அதன் முனையைப் பழைய பனியன் துணியில் சுற்றி ஓரமாக ஒதுக்கியது மனைவி. பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது கணவன். அந்த வீட்டில் ஸ்பேனர் எப்போதும் அவள் கையில்தான். இருபத்திரண்டு வருடமாகத் தையல் மிஷின் பழுது பார்க்கிறவள், தெருவுக்கே மிஷினக்கா. கணவன் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். கார் நன்றாக ஓட்டுவான். கதவுக் கீலுக்கு எண்ணெய் விடக்கூட அவளைத்தான் கூப்பிடுவான்.

கார் எஞ்சினில் அவள் கை வைப்பது இதுதான் முதல் தடவை. ஒர்க்‌ஷாப்காரர் திங்கட்கிழமைக்கு முன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். திங்கள்வரை காத்திருக்க முடியாது. கணவனின் அக்காவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வியாழக்கிழமை போகும்போது பாலத்து நடுவில் எல்லா விளக்கும் மங்கி வண்டி நின்றுபோனது; பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ செத்திருந்தது. தள்ளி, கெஞ்சி, வீடு திரும்புவதற்குள் ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஒதுக்கியிருந்த நேரம் போய்விட்டது. இன்று இரண்டு மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஒரு மணிக்குக் கிளம்பினால்தான் உண்டு. இதுவும் தவறினால் நேராக எமர்ஜென்சிக்குக் கூட்டிவாருங்கள் என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள். வாடகைக் காரில் அக்கா ஏறமாட்டாள். திரும்பும் வழியில் வாந்தி வரும் என்று தெரிந்து ஒரு டிரைவர் அவளைப் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறான்.

"டார்ச்ச என் மூஞ்சில அடிக்காதீங்க. போல்ட்டுல அடிங்க."

"போல்ட் எங்கன்னு தெரிஞ்சாதானே?"

"என் கை எங்க இருக்கோ, அங்க."

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அக்காவின் முகம் தெரிந்தது. "என்னடா, கழட்டியாச்சா?"

"கழட்டிட்டே இருக்காக்கா."

"அவ கழட்டுவா, மாட்டவும் செய்வா. நீ எதையும் தொடாதே. நீ அஞ்சாவது படிக்கும்போது கழட்டின கடிகாரம் இன்னும் டப்பாலதான் கிடக்கு."

சிரித்தது அக்கா மட்டும்தான். சிரிப்பு முடிந்ததும் இருமல் வந்தது. அந்த இருமல் நேற்று இல்லை. மிஷினக்கா ஸ்பேனரை வேகமாகத் திருப்பினாள்.

பழைய டைனமோ வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. கீழ் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, விரல் முட்டி இரண்டில் தோல் பெயர்ந்த பிறகுதான் இளகியது. நேற்றுக் கடையில் வாங்கிய புதியதையும் பழையதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெல்ட் ஓடும் சக்கரத்தின் வரிகளை எண்ணினாள். போல்ட் துளைகளை ஒத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே தூக்கி வைத்து, ஒயரைப் பூட்டி, பெல்ட்டை மாட்டி, டைனமோவை வெளிப்பக்கம் இழுத்து போல்ட்டை முடுக்கினாள். பெல்ட்டை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். சரியாக இருந்தது.

மைனஸ் ஒயரைத் திரும்ப மாட்டியதும் கணவன் சாவியைத் திருப்பினான். நேற்றே கடையில் சார்ஜ் போட்டு வந்த பேட்டரி. எஞ்சின் உடனே பிடித்தது. கூடவே ஒரு கீச்சுச் சத்தம்.

"லைட்டப் போடுங்க."

போட்டான். சத்தம் ஓங்கியது. பேட்டரியில் வைத்த மீட்டரில் பதின்மூன்று வோல்ட் காட்டியது, பிறகு பன்னிரண்டரைக்கு இறங்கியது. பதினான்கு பக்கமாவது நிற்க வேண்டும். மணி பன்னிரண்டே கால்.

"கடைக்காரன் ஓட்டைய தலையில கட்டிட்டான்," என்றான் கணவன். "நான் அப்பவே நினைச்சேன்."

"அப்பவே நினைச்சா அப்பவே சொல்லணும். ஆஃப் பண்ணுங்க."

கடைக்குப் போய் மாற்றி வரவே ஒரு மணி நேரம் ஆகும். ஜன்னலில் அக்கா மறுபடி இருமினாள்.

எஞ்சின் நின்றதும் பெல்ட்டை மறுபடி அழுத்தினாள். விரல் சுகமாக உள்ளே போனது. அந்தச் சுகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சுகம். தையல் மிஷின் பெல்ட்டுக்கு அப்படித்தான் இடம் விட வேண்டும். இறுக்கினால் மோட்டார் சூடாகும், சக்கரம் கனக்கும். ஆயிரம் மிஷினுக்கு விட்ட இடத்தை அவள் கை காருக்கும் விட்டிருந்தது. அவளைக் கேட்காமலே. அந்தத் தளர்ச்சியில்தான் பெல்ட் வழுக்கிக் கீச்சிட்டது.

"டைனமோ மேல தப்பில்ல," என்றாள்.

"அப்புறம் யார் மேல?"

"என் மேல. தையல் மிஷின்னு நினைச்சு மாட்டிட்டேன்."



போல்ட்டைத் தளர்த்திச் சுத்தியல் பிடியை டைனமோவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே நெம்பக் கொடுத்தாள். "இழுங்க. இன்னும். பல்லக் கடிச்சிட்டு இழுங்க."

"உடைஞ்சிடப்போகுது!"

"உடைஞ்சா நான் பாத்துக்கறேன்."

அவன் இழுத்துப் பிடிக்க, அவள் முடுக்கினாள். பெல்ட் இப்போது விரலுக்கு அரை மனதாகத்தான் வளைந்தது. இவ்வளவு விறைப்பாக எதையும் அவள் மாட்டியதே இல்லை. மறுபடி சாவி. கீச்சு இல்லை. விளக்கு, ஃபேன், வைப்பர், எல்லாம் போட்டும் பதினான்கு. பத்து நிமிடம் ஓடவிட்டார்கள், முள் அசையவில்லை. ஆனால் காதை அருகில் கொண்டுபோனால் உள்ளே ஏதோ மெல்ல முனகியது. புது பேரிங் அப்படித்தான் முனகுமா, தான் அதிகம் இறுக்கிவிட்டோமா என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி கழற்றிப் பார்க்க நேரமும் இல்லை.

கை கழுவிவிட்டு உள்ளே போனாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வீக்கத்தில் ஒரு கால் செருப்புக்குள் போகவில்லை. மிஷினக்கா குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்துவிட்டாள். கணுக்காலில் பட்ட விரலை எடுத்த பிறகும் அந்த இடம் குழியாகவே நின்றது.

"சத்தம் நின்னுடுச்சே," என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"நீதானே எல்லாம் மாட்டினே? அவன் கை வைக்கலையே?"

"இல்லக்கா, நான்தான்."

அக்கா அவள் விரல் முட்டியில் உறைந்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், தம்பியின் காதில் விழக் கூடாது என்பதுபோலக் கேட்டாள்: "பாலத்து மேல நிக்காதுல்ல?"

வெளியே அவன் ஹாரன் அடித்தான். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மிஷினக்கா தலையணையையும் போர்வையையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காரின் பின் சீட்டில் விரிக்க அறையை விட்டு வெளியே நடந்தாள்.