ராசாக்களைப் பார்த்துவிட்டு முழுகிய நாள்

எனக்குப் பெண் பார்த்தது ஒரு சவக்காலையில், பிணம் புதைக்கிற இடத்தில். வேண்டுமென்று செய்ததல்ல. ஆனாலும் எங்கள் சனம் அதை இன்றுவரை மறக்கவில்லை.

அப்போது நானும் அக்காவும் பிரான்சில், மார்க்ஸ் டோர்மோயில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அக்கா ரூ காயில் ஒரு சேலைக்கடையில் வேலைக்கு நின்றாள். நான் அதே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் சமையல். எனக்குப் பேசி வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாய் நழுவி, தலையில் நரையும் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் திரான்சியில் இருந்து இந்தச் சம்பந்தம் வந்தது. பெண் இங்கேயே பிறந்தவள், நூலகம் ஒன்றில் வேலை. இதுவும் தவறினால் இனிப் பேச்சே எடுக்கமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

கோயிலில் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் எங்கள் சனம் நிறைந்த லா சப்பலில் கோயிலுக்குப் போனால் சம்பந்தம் சரிவர முதலே ஊர் முழுக்கக் கதை போய்விடும். தமிழ் ஆட்கள் வராத இடமாகப் பார் என்றாள் அக்கா. நான் முதலில் சொன்னது ஆற்றின் நடுத்தீவில் இருக்கும் சென்த் சப்பேலை. இயேசுவின் முள்முடியை வைப்பதற்கென்றே ஒரு ராசா கட்டிய கண்ணாடிக் கோயில். அது நீதிமன்ற வளவுக்குள் இருக்கிறது, வாசலில் சோதனை உண்டு என்றதும் அக்கா சீறினாள்.

“நல்ல காரியத்துக்குப் போற இடத்திலை பொலிஸ் வந்து பையைக் கிளறவோ?”

அதனால் சென் தெனியில் உள்ள பெரிய தேவாலயத்தைச் சொன்னேன். ஒருமுறை மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். தூண்களின் மேல் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் விழுந்து கிடக்கும், அவ்வளவு வடிவு. அக்கா பஞ்சாங்கத்தைப் புரட்டி, ராகுகாலம் தவிர்த்து, சுபநேரம் குறித்தாள். நேரத்தைப் பார்த்தாளே தவிர இடத்தைப் பற்றி இருவரும் விசாரிக்கவில்லை.

பெண்ணும் தாயும் தகப்பனும் காரில் வந்து இறங்கினார்கள். தாய் பட்டுச்சேலை, பெண் நீலக் கோட். அவள் தாயுடன் பிரெஞ்சில்தான் கதைத்தாள். தாய் தமிழில் கேட்பார், மகள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இன்னொரு பகுதிக்கு டிக்கெட் என்று எழுதியிருந்தது. காசு கொடுத்துப் பார்க்கும் இடம் இன்னும் வடிவாகத்தான் இருக்கும் என்று நினைத்து எல்லோருக்கும் எடுத்து, பெருமையாக முன்னால் நடந்தேன்.

அங்கே வரிசை வரிசையாகக் கல்லில் ஆட்கள் படுத்திருந்தார்கள். தலையில் கிரீடம், நெஞ்சில் கூப்பிய கை, காலடியில் சிங்கமோ நாயோ. ஒருவர் தன் இதயத்தைக் கையில் பிடித்தபடி கிடந்தார்.

பெண்ணின் தாய் நின்றுவிட்டார். “தம்பி, ஏன் இஞ்சை எல்லாரும் படுத்திருக்கினம்?”

மகள்தான் பதில் சொன்னாள், இது பிரான்ஸ் ராசாக்களையும் ராணிகளையும் புதைத்த இடம் என்று.

“சவக்காலையோ? நல்ல காரியம் கதைக்க உங்களுக்குச் சவக்காலையோ கிடைச்சது?”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நானும் ஒரு கல்லில் ஏறிப் படுத்திருக்கலாம். மகள் தாயைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். புரட்சிக்காலத்தில் சனம் எலும்புகளைக் கிளறிக் குழியில் எறிந்துவிட்டது, பிறகு பொறுக்கிக் கீழ் அறையில் வைத்திருக்கிறார்கள், இந்தக் கல்லுகளுக்குள் ஒன்றும் இல்லை என்றாள்.

“கீழையோ? அப்ப நாங்கள் அதுக்கு மேலையோ நிக்கிறம்?”

தாய் வாசலுக்குத் திரும்பினார். என் கலியாணமும் அவர் பின்னால் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகள் மட்டும் அசையவில்லை. என்னிடம் தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டாள். “நீங்கள் வேணுமெண்டோ எங்களை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?”

“இல்லை. மழைக்கு ஒதுங்கின இடம். உள்ளுக்கை ஆக்கள் படுத்திருக்கினம் எண்டு சத்தியமாத் தெரியாது.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பயமும் அப்போதுதான் வந்தது, இவளை இழந்துவிடுவேனோ என்று.

வெளியே முற்றத்தில் மகள் இன்னும் அந்த ராசாக்களை விடவில்லை. முள்முடிக்குக் கோயில் கட்டிய அந்த ராசா கடல் கடந்து போன இடத்தில் செத்தார், குடலை வேறு நாட்டில் வைத்துவிட்டு எலும்பைத்தான் இங்கே கொண்டுவந்தார்கள், பிறகு அவரையும் புனிதராக்கி அந்த எலும்பையும் துண்டு துண்டாகப் பங்கிட்டுக் கும்பிட்டார்கள் என்றாள்.

அதுவரை வாயே திறக்காத தகப்பன் கேட்டார். “அப்ப அந்தாளின்ரை சொந்தக்காரர் எத்தினை தரம் முழுகியிருப்பினம்?”

தாய் கோபமாக இருக்கத்தான் முயன்றார். முடியவில்லை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாலும் சட்டம் சட்டம்தான்.

“சவக்காலைக்குப் போயிட்டுத் தலை முழுகாமல் என்ரை வீட்டுப் படி ஏற ஏலாது. ஆர் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவையோ, அவையின்ரை வீட்டிலை முழுகிப்போட்டுப் போவம்.”

சம்பந்தம் சரிவந்த பிறகுதான் வீடு பார்க்க வருவார்கள். எங்கள் வீட்டுக்கு முழுகவே வந்தார்கள். குளியலறை எங்கள் வீட்டில் ஒரு அலுமாரியளவுதான். முதலில் தாய், பிறகு தகப்பன், பிறகு அக்கா. நான் குசினிக் குழாயிலேயே தலை முழுகி, பிட்டு அவித்து, மீன்குழம்பைச் சூடாக்கினேன். தாய் அக்காவின் வீட்டுச் சட்டையோடு, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு மேசையில் இருந்தார். தகப்பன் என் சாரத்தைக் கட்டிக்கொண்டு சோபாவில். பட்டுச்சேலையோடு வந்தபோது இருந்த மிடுக்கு போய், நெடுநாள் பழகிய ஆட்கள் மாதிரி இருந்தார்கள். குழம்பு ஆர் வைத்தது என்று கேட்டு, நான் என்று தெரிந்ததும் தாய் இன்னொருமுறை போட்டுக்கொண்டார்.

கடைசியாக மகள் உள்ளே போனாள். போன கையோடு ஒரு கூச்சல். சுடுதண்ணி முடிந்துவிட்டது.

அடுப்பில் இருந்த பெரிய பானைத் தண்ணீரை நான் வாளியில் ஊற்றித் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போகும் நடையில் வந்தேன். அக்கா வாங்கி உள்ளே கொடுப்பதற்காகக் கதவடியில் நின்றாள். தாய் பிட்டுக் கோப்பையோடு எழுந்து வந்து என்னையும் ஆவி பறக்கும் வாளியையும் பார்த்தார். பிறகு கதவைத் தட்டினார்.

“பிள்ளை, இந்தத் தம்பி உனக்குச் சம்மதமோ?”

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. காலையில் இருந்து தாய்க்கு ஒரு சொல்லும் தமிழில் சொல்லாதவள், நடை முழுக்கக் கேட்கும்படி தமிழில் சொன்னாள்.

“ஓம் அம்மா! கெதியா அந்தத் தண்ணியைத் தரச் சொல்லுங்கோ, குளிருது!”