பரமேஸ்வரன் வைத்திருந்த முட்டாள்

பரமேஸ்வரன் தவறிப்போன செய்தியைப் பம்பாய் மாட்டுங்கா ஸ்டேஷனில் அவருடைய மைத்துனர் சொன்னார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். லோக்கல் ரயில் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

எங்கள் சிறிய அலுவலகத்தை அறிந்த உங்களுக்கு அவரைத் தெரியும். ஸ்டவ், தையல் மிஷின் என்று மதராஸ் பக்கம் விற்பனைக்குப் போகும் சாமான்களுக்குத் தமிழில் உபயோகக் குறிப்பு எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். எழுதுவது அவர். நான் அவருடைய முட்டாள். மிகையில்லை, என் உத்தியோகமே அதுதான். குறிப்பை முன்கூட்டி என் கண்ணில் காட்டாமல், கம்பெனிக்காரர் எதிரில் கையில் கொடுத்து, "படிச்சுண்டே செய்யும், ஓய்" என்பார். நான் முழிக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பிறகு அதைத் திருத்தி எழுதுவார். பி.ஏ. படித்தவனுக்கு ஒவ்வொரு முறையும் மானம் போகும்.

யுத்தம் முடிந்த சமயம் பம்பு ஸ்டவ் விற்கும் சேட் ஒருவர் வந்தார். அவருடைய ஆர்டரை நம்பித்தான் அலுவலகமே இருந்தது. 'பர்னர் சூடானதும் பம்பு அடிக்கவும்' என்றது குறிப்பு. சூடானது எப்படித் தெரியும்? கேட்கக் கூச்சப்பட்டுக் குத்துமதிப்பாக அடித்தேன். தீ ஆளுயரம் எழும்பியது. சேட் நாற்காலியோடு பின்வாங்கினார். பிறகு என்னைக் காட்டி, "ஏ ஆத்மி பேவகூஃப் ஹை" என்றார். ஆள்தான் முட்டாளாம், குறிப்பில் குறையில்லை, நாளைக்கே அச்சடிக்க வேண்டுமாம். ஸ்டவ்வைப் புத்திசாலிகளுக்கு மட்டும் விற்பதானால் அச்சடிக்கலாம் என்று பரமேஸ்வரன் இந்தியில் நிதானமாகச் சொன்னார். சேட் எழுந்து போனவர் திரும்பவேயில்லை.

அன்று ரயிலில் நான் தலை நிமிரவில்லை.

"வெட்கமா இருக்கா?" என்றார் பரமேஸ்வரன்.

"இருக்கு. என்னாலதானே ஆர்டர் போச்சு."

"வெட்கப்படறதாலதான் ஓய் வீடு பத்திக்கறது. எங்கேயோ ஒருத்தி தனியா ஸ்டவ் முன்னாடி நிப்பா. புரியலைன்னு யாரையும் கேக்க மாட்டா. அவளுக்குப் பதிலா நீர் இங்கே மானத்தை விடறீர், அவ்வளவுதான்."

அலுவலகம் எப்படியோ தத்தளித்துப் பிழைத்துக்கொண்டது. எனக்குப் புத்தி வந்ததா என்றால் இல்லை. சென்ற மாதம் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவரப் போனேன். மருந்து கொடுக்கும் முறையை டாக்டர் இங்கிலீஷில் மளமளவென்று சொன்னார். தலையாட்டினேன். டாக்டர் நகர்ந்ததும் கட்டிலிலிருந்து பரமேஸ்வரன், "புரிஞ்சுதா?" என்றார்.

"புரிஞ்சுது."

"உம்ம மூஞ்சி எனக்குத் தெரியாதா? போய்க் கேளும்."

போனேன். நர்ஸுகள் எதிரில் டாக்டர் சிடுசிடுப்போடு மறுபடி சொன்னார். இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாதாம். சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

மயானத்தில் புரோகிதர் அவசரமாக ஏதோ சொல்ல, பரமேஸ்வரனின் மகன் தலையாட்டினான். ஆனால் கொள்ளிக்கட்டையோடு அசையாமல் நின்றான். அந்த முகத்தை எனக்குத் தெரியும். என் முகம்தான் அது.

"எனக்குப் புரியலை. இன்னொரு தரம் நிதானமாச் சொல்லுங்கோ" என்றேன், உரக்க.

கூட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. கொள்ளி வைக்கிறவன் மகன், இவனுக்குப் புரிந்தால் என்ன, புரியாவிட்டால் என்ன என்று ஒருவர் முணுமுணுத்தார். முகம் பற்றி எரிந்தது. புரோகிதர் மறுபடி சொன்னார். பையன் தன் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தான்.

பரமேஸ்வரனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த வெட்கம்தான். இதை வைத்துக்கொள்கிறேன்.