காதுகுத்துக்கு ஒரு நாள் லீவு

போன வாரம் நான் சாகக் கிடந்தேன். எனக்கே தெரியாது!

விராலிமலை முருகன் சந்நிதியில் என் பேரனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? அந்தத் தாய்மாமன் — என் மகன் சுப்பையா — திருச்சியில் கத்தோலிக்க சாமியார்கள் நடத்தும் காலேஜில் இன்டர்மீடியட் படிக்கிறான். ஹாஸ்டலில் கட்டுப்பாடு ஜாஸ்தி. பரீட்சை நெருங்கிவிட்டால் வீட்டு விசேஷத்துக்கு லீவு கிடையாது; உயிருக்கு ஆபத்தென்றால்தான் விடுவார்கள். பொய் சொல்லி லீவு எடுத்தால்... பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

முதல் நாளே அவனை அழைத்துவர நானும் என் மச்சானும் போனோம். "நீங்க வாசல் கேட்டுக்கிட்டயே நில்லுங்க மாப்பிளே, சாமியார்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று மச்சான் உள்ளே போய்விட்டார். நான் வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே நடந்ததைப் பிறகு மச்சானே சொன்னார்.

"பையனோட அப்பாவுக்கு ரொம்ப முடியலைங்க. இன்னைக்கோ நாளைக்கோ..." என்று துண்டால் கண்ணைத் துடைத்திருக்கிறார். வார்டன் சாமியார் பதறிப்போய், சுப்பையாவைக் கூப்பிட்டு, "ஓடு தம்பி, உடனே புறப்படு" என்றாராம்.

லீவு கிடைத்தாயிற்று. பேசாமல் கிளம்ப வேண்டியதுதானே? இவனோ ஜன்னல் வழியே என்னைப் பார்த்துவிட்டான்.

"ஃபாதர், அப்பா நல்லாத்தான் இருக்காங்க. அந்தா, கேட்டுல நிக்கிறாங்க. நாளைக்கு அக்கா மகனுக்குக் காதுகுத்து, என் மடியிலதான் உட்கார வைக்கணும். அதுக்கு லீவு இல்லேன்னா... நான் போகலை ஃபாதர்."

"அடப்பாவி, காரியத்தைக் கெடுத்திட்டியேடா!" — மச்சான்.

சாமியார் நேரே கேட்டுக்கு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாகக் கிடக்கிறவர் நீங்கதானா?"

"இல்லைங்களே சாமி" என்றேன், வாய் நிறைய வெள்ளரிப்பிஞ்சோடு.

சிரித்துவிட்டார். "சட்டப்படி லீவு இல்லை. ஆனா, கையில கிடைச்ச லீவை வேண்டாம்னு உண்மை சொன்னவனை நம்பி அனுப்பலாம். நாளைக்கு சாயந்திரம் படிப்பு மணி அடிக்கிறப்ப இங்க இருக்கணும்."

மறுநாள் பேரன் மாமன் மடியில் வீறிட்டு அழ, காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. "காலையில போலாம்டா, யாரு பார்க்கப் போறா?" என்றார் மச்சான். பையன் கேட்டால்தானே? பாயசம் வருமுன்பே இலையை விட்டு எழுந்து பஸ்ஸுக்கு ஓடிவிட்டான்.

பொய் சொல்லாதே என்று நாமும்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். லாபம் வரும்போதும் சொல்லாதே என்று அந்தச் சாமியார்கள் பழக்கியிருக்கிறார்கள். நெற்றி நிறைய விபூதியோடு போனவனை விபூதியோடேயே வைத்து வளர்க்கிறார்கள்... வேறென்ன வேண்டும்?

அந்தச் சாமியாரின் பேருக்கும் முருகனுக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டேன். ஒரே சங்கடம் — நட்சத்திரம் என்னவென்று அர்ச்சகர் கேட்டார்!