எட்டு விநாடி

இதில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. சந்தேகம் இருந்தால் திண்டிவனத்தில் சவுரிராயன் அண்ணனின் பிரவுசிங் சென்டருக்குப் போய், ஷட்டரின் உள்பக்கத்தைப் பாருங்கள். என் கை குத்திய பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது.

2012, ஏப்ரல் 6. பெரிய வெள்ளி.

குழந்தைகள் நிரல் எழுதப் பழகும் இலவச மென்பொருள் ஒன்று. பல நாட்டுக்காரர்கள் முகம் தெரியாமலே சேர்ந்து எழுதுவது. அதில் பாட்டோ பேச்சோ ஓடவைக்க வழியில்லை. அதற்கான நிரலை நான் எழுதியிருந்தேன். அன்று நான்கு மணிக்குள் அனுப்பினால் சேர்த்துக்கொள்வார்கள். அதைக் காட்டித்தான் சென்னையில் வேலை கேட்க முடியும். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் எங்கள் ஊர் வல்லத்தில் அப்பாவோடு மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்க வேண்டியதுதான். அவர் வைத்த கெடு அது.

மதியம் 2.05. அண்ணன் வெள்ளைச் சட்டையில் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

"இன்னிக்கு கடை தெறந்து வச்சிக்கினு இருந்தா கோயில் பங்குக்காரங்க என்னைக் கிழிச்சிடுவாங்க ஆனந்து. வெளிய பூட்டிக்கினு போறேன். நாலரைக்கு வந்துடுவேன்."

"கரண்ட் போயிட்டா?"

"யுபிஎஸ் இருக்குதுல்ல. பேஜாரு பண்ணாத."

ஷட்டர் இறங்கியது. பூட்டு விழுந்தது.

எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பனியில் மாட்டிக்கொண்ட மனிதர்களைப் பற்றிய ரஷ்ய நாவல் ஒன்று, மொழிபெயர்ப்பு, என் பையில் பாதி படித்தபடி கிடந்தது. நானும் அப்படி ஒருவன் என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனைக்கு என் குரலையே பதிந்தேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." எட்டு விநாடி. ஓடவிட்டேன். சரியாக நின்றது. நிரலையும் அந்தக் கோப்பையும் 2.35க்கு அனுப்பிவிட்டேன்.

2.40. சும்மா ஆசைக்கு இன்னொரு முறை ஓடவிட்டேன்.

ஆறு... ஏழு... எட்டு...

ஒன்பது.

நிற்கவில்லை. ஸ்பீக்கரில் மின்விசிறியின் இரைச்சல் மட்டும். நிரலில்தான் தவறு என்று நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். திரையில் விநாடி எண் ஓடிக்கொண்டே இருந்தது.

41வது விநாடியில், ஸ்பீக்கரில் மின்விசிறி நின்றது.

அண்ணாந்து பார்த்தேன். என் தலைக்கு மேல் அது சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு... டொக். டொக். டொக். தகரத்தில் கை குத்தும் ஓசை. ஒரு குரல்.

"அண்ணா... தெறங்கண்ணா... நான் உள்ள இருக்கேன்..."

என் குரல்.

நான் அப்படி எதுவும் பதியவில்லை.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். அமைதி. அண்ணனின் செல்போனுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தார். கோயிலுக்குள் அப்படித்தான்.

2.47. மின்சாரம் போனது. மின்விசிறி நின்றது.

யுபிஎஸ் கத்தியது. பீப்... பீப்...

2.58. திரையும் அணைந்தது. ஒரே இருட்டு.

டொக். டொக்.

வயர் என் கையில்தான் இருந்தது.

டொக்.

ஓசை என் முதுகுக்குப் பின்னால்...

ஷட்டர் மேல் போய் விழுந்தேன். இரண்டு கையாலும் குத்தினேன். "அண்ணா! தெறங்கண்ணா! நான் உள்ள இருக்கேன்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதே சொற்கள்.

வெளியே இரண்டு பெண்கள் நடந்து போனார்கள். பெரிய வெள்ளியன்று கோயிலில் மணி அடிக்கமாட்டார்கள். மரக்கட்டைதான் தட்டுவார்கள்.

"கட்டை தட்ட ஆரம்பிச்சிட்டாங்கடி. ஜல்தி நட."

செருப்புச் சத்தம் தேய்ந்தது.

4.30. ஷட்டர் ஏறியது.

"இன்னாடா, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது? வேலை முடிஞ்சிதா?"

"முடிஞ்சிதுண்ணா."

நான் வெளியே வந்தேன். அவர் ஷட்டரை இழுத்துப் பூட்டினார்.

திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. போர்ச்சுகலில் இருந்து, நிரல்களைச் சரிபார்க்கும் ஒரு பெண். என் நிரலைச் சேர்த்துக்கொண்டார்களாம்.

கீழே ஒரு குறிப்பு. என்னிடம் உள்ள கோப்பு இன்றும் எட்டு விநாடிதான். அவருக்குப் போனது பதினேழு நிமிடம்.

"சோதனைக்கு இவ்வளவு நீளம் வேண்டாம். உங்கள் மொழி எனக்குப் புரியவில்லை. யாரோ கதவைத் தட்டுகிறார். பிறகு கதவு திறக்கிறது, இரண்டு பேர் சுருக்கமாகப் பேசுகிறார்கள், கதவு மூடுகிறது, பூட்டுகிறார்கள். அதற்குப் பிறகும் அதே குரல் உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருக்கிறது. கோப்பு முடியும்வரை.

அவரை வெளியே விட்டீர்களா?"